நாகப்பட்டினத்துக் கடலில் நின்ற ரஜூலா



சொகுசுக் கப்பலில் போய்வந்த குடும்பங்களின் படங்களை நம் வாட்ஸ்ஆப் குழுவில் பார்த்திருப்பீர்கள். நீச்சல் குளம், பஃபே சாப்பாடு, இரவில் மேடை நிகழ்ச்சி. 2022 ஜூனில் சென்னையிலிருந்து பயணத்தைத் தொடங்கிய எம்ப்ரஸ் என்ற கப்பல் 1990-ல் பிரான்சில் கட்டப்பட்டது. அதற்கும் முன்பே பிரான்சில் கட்டப்பட்ட இன்னொரு பயணிகள் கப்பல் நம் நாகப்பட்டினத்துக்கே வந்து ஆட்களை ஏற்றிப்போனது என்று சொன்னால் வீட்டுப் பிள்ளைகள் நம்ப யோசிப்பார்கள். உங்கள் வீட்டில் எழுபது வயதைத் தாண்டியவர் யாராவது இருந்தால் கேட்டுப்பாருங்கள். "சிதம்பரம் கப்பலா?" என்பார். இன்னும் மூத்தவராக இருந்தால், "அதெல்லாம் பிறகு வந்தது, ரஜூலாதான் கப்பல்" என்பார்.

இந்த இதழில் அந்த ரஜூலாவைப் பற்றியும், அதற்குப் பின் வந்த சிதம்பரத்தைப் பற்றியும் எழுதலாம் என்று நினைத்தேன். நெல் விளையும் ஊர் என்றே நாம் தஞ்சையைச் சொல்லிப் பழகிவிட்டோம். சோறுடைத்த நாட்டிலிருந்து ஏன் இத்தனை பேர் கப்பலேறினார்கள் என்ற கேள்வியை அந்தப் பெருமைக்குள் நாம் கேட்பதில்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். தஞ்சாவூர் ரயில் நிலையத்தோடு சேர்த்துப் பெரியவர்கள் நினைவுகூரும் போட் மெயில் வேறு. அது எழும்பூரிலிருந்து தனுஷ்கோடிக்குப் போய், அங்கிருந்து இலங்கைக்குப் போகிறவர்களைக் கப்பலில் ஏற்றிவிட்ட ரயில். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்ததோடு அது தனுஷ்கோடி வரை போவது நின்றது. நாம் பேசுவது மலேயா வழி. சென்னையில் புறப்பட்டு, நாகப்பட்டினத்தில் நின்று, வங்கக் கடலைக் குறுக்கே கடந்து பினாங்கு, அங்கிருந்து கிள்ளான் துறைமுகம், கடைசியாகச் சிங்கப்பூர்.

இந்த வழி பழையது. ராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய மன்னர் நாகப்பட்டினத்தில் சூளாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளியைக் கட்டினார். அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயைச் சோழ அரசு எழுதிக்கொடுத்தது. அதைச் சொல்லும் செப்பேடுகள்தான் லெய்டன் செப்பேடுகள் என்று பெயர் பெற்றவை. அந்த மன்னரின் கடாரம், இன்றைய மலேசியாவின் கெடா. கெடாவின் கரையை ஒட்டிய தீவுதான் பினாங்கு. ஆக, ஆயிரம் ஆண்டுக்கு முன்பு நம் வயல் வருமானத்தில் ஒரு பங்கு எந்த ஊர்க்காரர் கட்டிய பள்ளிக்குப் போனதோ, ஏறக்குறைய அதே ஊர்ப் பக்கம்தான் பின்னாளில் நம் வயல்களில் வேலை செய்தவர்கள் போய் இறங்கினார்கள்.

ரஜூலா 1926-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், பார்க்ளே கர்ல் என்ற கட்டுந்தளத்தில் பிறந்தது. எடை சுமார் 8,500 டன். சொந்தக்காரர் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி. அந்தப் பெயரை நீங்கள் வேறொரு கதையில் கேட்டிருப்பீர்கள். 1906-ல் வ.உ.சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியது இதே கம்பெனியை எதிர்த்துத்தான். அவர் சிறை போனார், சுதேசிக் கம்பெனி மூழ்கியது. இருபது ஆண்டு கழித்து அந்த வெள்ளைக் கம்பெனி நம் கரைக்கென்றே இரண்டு பெரிய கப்பல்களைக் கட்டியது. ஒன்று ரஜூலா, மற்றது அதன் ஜோடியான ரோணா.

எத்தனை பேர் ஏறலாம் என்று நினைக்கிறீர்கள்? கேபின் என்று சொல்லத்தக்க அறைகளில் சில பத்துப் பேர். மற்றவர்கள் டெக் பயணிகள். கட்டப்பட்ட புதிதில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற ரஜூலாவுக்கு அனுமதி இருந்தது. எம்ப்ரஸ் போன்ற இன்றைய உல்லாசக் கப்பல் இதைவிடப் பல மடங்கு பெரியது. அதில் ஏறுகிறவர்களோ இந்த எண்ணிக்கையில் பாதிகூட இல்லை. கட்டிலும் கிடையாது, அறையும் கிடையாது. இரும்புத் தரையில் பாயை விரித்தால் அந்தப் பாய் அளவுதான் உங்கள் இடம். நாலைந்து நாள் பயணத்தில் குடும்பம், டிரங்குப் பெட்டி, ஊறுகாய் ஜாடி, கைக்குழந்தை எல்லாம் அந்தப் பாயின் மேல்தான்.

கப்பல் ஏறுவதே ஒரு பாடு. நாகப்பட்டினத்தில் பெரிய கப்பல் வந்து கட்ட ஆழமில்லை. ரஜூலா தொலைவில் கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். கடுவையாற்றின் முகத்துவாரத்திலிருந்து படகுகளில் போய், அலையில் ஆடும் படகிலிருந்து கப்பலின் பக்கவாட்டு ஏணியைப் பிடித்து ஏற வேண்டும். புடவை கட்டிய பெண்கள், இடுப்பில் பிள்ளையோடு. கரையில் நின்று வழியனுப்பியவர்களுக்குத் தெரிந்தது தூரத்தில் ஒரு புகைபோக்கி மட்டும்தான்.

யார் போனார்கள் என்பதில்தான் நம் கதை இரண்டாகப் பிரிகிறது. நாகூர், நாகப்பட்டினம், காரைக்கால் பக்கத்து மரைக்காயர்கள் தலைமுறை தலைமுறையாக வியாபாரத்துக்குப் போய்வந்தவர்கள். சிங்கப்பூரில் 1828-30-ல் நாகூர் ஆண்டவருக்கு ஒரு தர்கா எழுப்பும் அளவுக்கு அவர்களுக்கு அங்கே கால் பதிந்திருந்தது. அது இன்றும் நிற்கிறது, பினாங்கிலும் ஒன்று இருக்கிறது. செட்டியார்கள் வட்டிக்கடைக்குப் போனார்கள். ரயில்வே, தோட்டக் கணக்கு வேலைக்குப் படித்தவர்கள் போனார்கள். 1929 டிசம்பரில் பெரியார் மலேயா சுற்றுப்பயணத்துக்குக் கப்பலேறியதும் நாகையில்தான். இவர்களெல்லாம் திரும்பி வரும் நாளைத் தெரிந்துகொண்டு போனவர்கள்.

டெக்கை நிரப்பியவர்கள் வேறு. காவிரிப் பாசனத்தில் வயல் இருந்தது, வயலில் வேலை செய்தவனுக்கு வயல் இல்லை. பண்ணையாள் என்ற சொல் நமக்கு இப்போது நாவலில் வரும் சொல். அன்றைக்கு அது ஒரு குடும்பத்தின் நிலை. தலைமுறைக் கடனுக்காக ஒரே மிராசுதாரிடம் கட்டுப்பட்டிருப்பது, கூலியாக நெல்லை அளந்து வாங்குவது, குடிசை நிற்கும் மண்ணும் தனக்கில்லாமல் இருப்பது. அவர்களுக்கு ஓரளவு சட்டப் பாதுகாப்பு தந்த தஞ்சாவூர்ப் பண்ணையாள் சட்டம் 1952-ல்தான் வந்தது. அதற்கு முன் அந்த நிலையிலிருந்து வெளியேற இருந்த வழிகளில் முக்கியமானது நாகப்பட்டினம் கடற்கரை.

வழி காட்டியவர் கங்காணி. மலேயாவின் ரப்பர் தோட்டத்திலிருந்து சொந்த ஊருக்கு ஆள் சேர்க்க வருவார். ஜரிகை அங்கவஸ்திரம், கைக்கடிகாரம், பேச்சு. "பால்மரத்தைக் கீறினால் பணம் சொட்டும்" என்கிற மாதிரிப் பேச்சு என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். 1907 முதல் மலேயாவின் தோட்ட முதலாளிகளிடம் வசூலித்த நிதியிலிருந்து கப்பல் கட்டணம் கொடுக்கப்பட்டது. நாகப்பட்டினத்திலும் சென்னைக்கு அருகே ஆவடியிலும் ஆட்களைத் தங்கவைக்க முகாம்கள் இருந்தன. அங்கே மருத்துவர் பார்ப்பார், அம்மை குத்துவார்கள், பெயரை எழுதுவார்கள். அக்கரையில் இறங்கியதும் டெக் பயணிகளை நேரே ஊருக்குள் விடமாட்டார்கள். பினாங்குக்குப் பக்கத்தில் ஜெரெஜாக் தீவு, சிங்கப்பூரில் செயின்ட் ஜான்ஸ் தீவு. நோய் ஏதும் இல்லை என்று தெரியும் வரை அங்கே தனிமை முகாம். 2020-ல் நாம் பதினான்கு நாள் கதவைச் சாத்திக்கொண்டிருந்தபோது எத்தனை புலம்பினோம்!

அடிமைத்தனத்திலிருந்து விடுதலைக்குப் போனார்கள் என்று இதை ஒரே வரியில் எழுதிவிட எனக்கு மனமில்லை. இருட்டு விலகுமுன் எழுந்து பால் வெட்டப் போவது, லயத்து வீட்டில் அடைந்து கிடப்பது, காய்ச்சல், கள்ளுக்கடைக் கடன் என்று அங்கேயும் ஒரு கட்டு இருந்தது. ஆனால் கூலி காசாக வந்தது. முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டுவதற்கும் செருப்புப் போடுவதற்கும் அங்கே ஊர்ப் பஞ்சாயத்து கூடவில்லை. விடுமுறைக்கு வந்தவர் செருப்புக் காலோடு தன் தெருவில் நடந்தபோது கீழத்தஞ்சை கிராமங்களில் அது எத்தனை பெரிய செய்தி என்பதை நாம் ஊகிக்கலாம்.

கப்பல் இரண்டு பக்கமும் ஓடும் என்பதையும் மறக்கக்கூடாது. 1930-ல் உலகப் பொருளாதாரம் சரிந்து ரப்பர் விலை விழுந்ததும், வேலை இல்லையென்று லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்களைத் தோட்டங்கள் அடுத்த சில ஆண்டுகளில் திருப்பி அனுப்பின. கங்காணி அழைத்துப்போனது எந்த வழியிலோ அதே வழியில் மீண்டும் அதே வயலுக்கு. பிறகு நிலைமை தேறியது. 1938-ல் கூலித் தகராறு காரணமாக இந்திய அரசு, கட்டணம் கொடுத்துத் தொழிலாளர்களை அழைத்துச் செல்வதற்குத் தடை போட்டது. அதன்பின் கையில் காசிருந்தவர்கள்தான் போக முடிந்தது.

பிறகு யுத்தம். ரஜூலாவும் ரோணாவும் படைகளை ஏற்றப் போய்விட்டன. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்ததும் மூன்றரை ஆண்டு அக்கரைக்கும் இக்கரைக்கும் கப்பல் இல்லை, கடிதம் இல்லை, மணியார்டர் இல்லை. தோட்டங்களிலிருந்து ஜப்பானியர் சயாம்-பர்மா ரயில் பாதை போடப் பிடித்துப்போன தமிழர்களில் பல்லாயிரம் பேர் காட்டிலேயே மடிந்தார்கள். திருவாரூர், மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களில், மலேயாவில் இருந்த மகன் அந்தப் பாதைக்குப் போனானா, எங்கே இறந்தான் என்று தெரியாமலேயே திவசம் கொடுத்த வீடுகள் இருந்தன. தேதி தெரியாததால் அமாவாசையில் கொடுப்பார்கள்.

ரோணாவின் முடிவு நம்மில் பலருக்குத் தெரியாது. 1943 நவம்பர் 26 அன்று, அமெரிக்கப் படையினரை ஏற்றிக்கொண்டு மத்தியதரைக் கடலில் அல்ஜீரியாவுக்கு அப்பால் போய்க்கொண்டிருந்தது. ஜெர்மன் விமானம் ஒன்று ரேடியோவால் இயக்கப்படும் குண்டை அதன் மேல் விட்டது. அன்றைக்கு அது புத்தம் புதிய ஆயுதம். 1,015 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். கப்பல் ஊழியர் 195 பேரில் 117 பேர் போனார்கள், அவர்களில் பெரும்பாலோர் இந்திய மாலுமிகள். புதிய ஆயுதத்தின் விளைவு எதிரிக்குத் தெரியக்கூடாது என்று அமெரிக்க அரசு விவரங்களை நெடுங்காலம் வெளியே விடவில்லை. நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் பாயும் பெட்டியுமாகப் போய்வந்தவர்களைச் சுமந்த கப்பல் அமெரிக்கப் போர் வரலாற்றின் பெரிய கடல் சோகங்களில் ஒன்றாகிக் கிடக்கிறது.

ரஜூலா பிழைத்துத் திரும்பியது. யுத்தத்துக்குப் பிந்தைய ரஜூலாதான் நம் பெரியவர்கள் நினைவில் இருப்பது. பயணிகள் எண்ணிக்கையைக் குறைத்து, வசதிகளைக் கொஞ்சம் கூட்டினார்கள். போகும்போது வெங்காயம், மிளகாய், துணி. வரும்போது டிரங்குப் பெட்டிகள். அந்தப் பெட்டிக்குள் கைலி, டார்ச் லைட், சோப்பு, புலித் தைலம், 1928 முதல் சிங்கப்பூரில் தயாராகும் கோடாலித் தைலம். இன்றும் நம் குடியிருப்பில் தலைவலி என்றால் கோடாலித் தைலம் தேடுகிற அப்பாயிகள் உண்டு. அது எந்த வழியாக நம் வீட்டு அலமாரிக்கு வந்தது என்று யோசித்திருக்கிறீர்களா?

இந்தக் காலத்தில் கப்பலைவிடக் காகிதம் பெரிதாகிவிட்டது. 1953-ல் மலேயா குடிநுழைவுச் சட்டத்தை இறுக்கியது. 1957-ல் அது சுதந்திர நாடானதும், குடியுரிமை பெற்றவருக்கு நீல அடையாள அட்டை, நிரந்தரவாசி என்று மட்டும் இருந்தவருக்குச் சிவப்பு அட்டை. எழுதப் படிக்கத் தெரியாததாலும், இன்னும் இரண்டு வருடத்தில் ஊருக்குப் போய்விடுவோம் என்று முப்பது வருடம் நினைத்ததாலும், ஆயிரக்கணக்கானோர் குடியுரிமைக்கு எழுதிக்கொடுக்காமலே விட்டுவிட்டார்கள். 1969-க்குப் பின் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யத் தனி அனுமதி வேண்டும் என்றானபோது, அவர்களில் பெருந்தொகையினர் மூட்டை கட்டினார்கள். அவர்களை ஏற்றி வந்த கப்பல்களில் ரஜூலாவும் ஒன்று. மலேயாவிலேயே பிறந்த பிள்ளைகள், தாங்கள் பார்த்தேயிராத "சொந்த ஊர்" நோக்கி நாகப்பட்டினத்தில் படகில் இறங்கினார்கள். ஒரே வீட்டில் நீல அட்டைக்கார அண்ணன் அங்கேயும், சிவப்பு அட்டைக்கார அப்பா இங்கேயும் என்று பிரிந்த குடும்பங்கள் நம் மாவட்டங்களில் எத்தனையோ.

1973-ல் இந்தியக் கப்பல் கழகம் ரஜூலாவை வாங்கி, அந்தமானில் உள்ள ஓர் ஊரின் பெயரால் ராங்கத் என்று பெயர் மாற்றியது. கப்பலுக்கு வயது நாற்பத்தேழு. அடுத்த ஆண்டே மும்பையில் உடைத்துவிட்டார்கள்.

அதற்குள் மாற்றுக் கப்பல் வந்திருந்தது. பிரான்சின் டன்கிர்க்கில் 1966-ல் கட்டப்பட்டு, பாஸ்டர் என்ற பெயரில் ஐரோப்பாவிலிருந்து தென் அமெரிக்காவுக்கு ஓடிக்கொண்டிருந்த கப்பல் அது. வெறிநாய்க்கடி மருந்து கண்ட அதே லூயி பாஸ்டரின் பெயர். ஐந்நூறு பேருக்கும் குறைவானவர்கள் வசதியாகப் போவதற்காகக் கட்டியது. ஜெட் விமானம் வந்து கடல்வழிப் பயணிகளைப் பறித்துக்கொண்டதால் அதற்கு அங்கே பிழைப்பில்லை. 1972-ல் இந்தியக் கப்பல் கழகம் வாங்கியது. உள்ளே அடுக்குப் படுக்கைகள் போட்டு, சுமார் ஆயிரத்து ஐந்நூறு பேர் போகும்படி மாற்றியது. புதுப் பெயர் சிதம்பரம். அந்தப் பெயரைத் தனியாகக் கேட்டால் நமக்குத் தில்லை நினைவுக்கு வரும். கப்பல் என்ற சொல்லோடு சேர்த்துக் கேட்டால் வ.உ.சி. நினைவுக்கு வராமல் இருக்க முடியுமா? பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி விட்டுப்போன அதே கடல்வழியில், இந்திய அரசின் கப்பல், அந்தப் பெயரோடு. எனக்கு அதில் ஒரு தனித் திருப்தி உண்டு.

சிதம்பரத்தில் இரும்புத் தரை இல்லை, ஆளுக்கொரு படுக்கை. எழுபதுகளில் விமானச் சீட்டு எட்டாதவர்கள், நிறையச் சாமான் கொண்டுவருகிறவர்கள், கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு வருகிறவர்கள் இதில்தான் வந்தார்கள். இப்போது நாற்பது வயதைக் கடந்த சிலருக்கேனும் குழந்தைப் பருவத்தில் அந்தக் கப்பலின் மேல்தளத்தில் ஓடி விளையாடிய நினைவு இருக்கும்.

1985 பிப்ரவரி 12 அன்று நடுக்கடலில் சிதம்பரத்தில் தீப்பிடித்தது. பயணிகள் பலர் இறந்தார்கள். கப்பல் மூழ்கவில்லை. ஆனால் அதைச் சரிசெய்து மீண்டும் ஓட்டுவது கட்டாது என்று அந்த ஆண்டே மும்பையில் உடைக்கக் கொடுத்துவிட்டார்கள். மாற்றுக் கப்பல் போடவில்லை. நாகப்பட்டினத்திலிருந்து அக்கரைக்குப் பயணிகள் கப்பல் போவது அத்தோடு நின்றது.

விமானம் வந்துவிட்டதே, என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். திருச்சி விமான நிலையம் நமக்கு ஒரு மணி நேரத் தொலைவு, நாலு மணி நேரத்தில் கோலாலம்பூர். உண்மைதான். வசதி உள்ளவர்களுக்கு நஷ்டமில்லை. ஆனால் எண்பதுகளில் தோட்டக் கூலியில் இருந்த ஒருவர் அண்ணன் சாவுக்கு வந்துபோக விமானக் கட்டணம் கட்ட முடியாது. கப்பல் நின்ற பிறகு பல குடும்பங்களில் முதலில் வருகை நின்றது, பிறகு கடிதம் குறைந்தது, அடுத்த தலைமுறையில் முகவரி தொலைந்தது. இன்று ஈப்போவிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் கொள்ளுப்பேரப் பிள்ளைகள் வந்து, கையில் ஒரு ஊர்ப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு, பாபநாசம் பக்கமா, பட்டுக்கோட்டைப் பக்கமா என்று விசாரிக்கிறார்கள். அந்த ஊர்ப் பெயரும் தோட்டத்துக் கிராணி ஆங்கிலத்தில் தன் காதுக்கு எட்டியபடி எழுதியது.

நாகப்பட்டினம் இப்போது மறுபடி ஒரு பயணிகள் துறைமுகம் என்பதை அறிவீர்கள். 2023 அக்டோபரில் இலங்கையின் காங்கேசன்துறைக்குச் செரியபாணி என்ற கப்பல் தொடங்கி, சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் சிவகங்கை என்ற கப்பலோடு மீண்டும் தொடங்கியது. நாலு மணி நேரப் பயணம். போய்வர நினைப்பவர்கள் நாகையில் ஏறும்போது கிழக்கே கொஞ்சம் பாருங்கள். ரஜூலா நின்ற இடம் அந்தப் பக்கம்தான்.

மலாய் மொழியில் கப்பலுக்கு "காப்பால்" என்றுதான் பெயர், பெட்டிக்கு "பெத்தி", கடைக்கு "கெடாய்". இந்தச் சொற்கள் ரஜூலாவுக்கு மிக முன்பே கடலைக் கடந்து போனவை. ரஜூலாவும் சிதம்பரமும் தந்த தடயங்கள் வேறு இடத்தில் இருக்கின்றன. நம் பரண்களில், பீரோவின் அடித்தட்டில், பாட்டியின் டிரங்குப் பெட்டியில். வீடு மாற்றி அடுக்ககத்துக்கு வந்தபோது நம்மில் பலர் முதலில் கழித்துக் கட்டியது அந்தப் பெட்டிகளைத்தான். இடம் இல்லை, என்ன செய்வது.

கழிக்காதவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெட்டியைத் திறந்தால் நீளமான பழைய பாஸ்போர்ட், அம்மை குத்திய சான்று, சிவப்பு அடையாள அட்டை, மலேசிய சேமநிதித் தாள், கப்பல் சீட்டின் அடிக்கட்டை, ஸ்டூடியோவில் ஓவியக் கடலுக்கு முன்னால் நின்று எடுத்த படம் என்று எது கிடைத்தாலும் இரண்டு பக்கமும் செல்போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். லாமினேட் செய்யாதீர்கள், பழைய காகிதம் அதில் கெட்டுப்போகும். பாஸ்போர்ட்டில் முத்திரை இருந்தால் எந்தத் துறைமுகம், என்ன தேதி என்று பென்சிலால் தனித் தாளில் எழுதி உடன் வையுங்கள். வீட்டில் கப்பலில் வந்த பெரியவர் இருந்தால், கூட யார் யார் வந்தார்கள், எந்தத் தோட்டம், கங்காணி எந்த ஊர்க்காரர் என்று கேட்டுப் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். தோட்டத்தின் பெயர் கிடைத்துவிட்டால் அக்கரையில் தேடுகிறவர்களுக்குப் பாதி வேலை முடிந்தது.

படங்களின் நகலை நலச்சங்க அலுவலகத்தில் கொடுத்தால் அடுத்த இதழில், வீட்டாரின் சம்மதத்தோடு, இரண்டு பக்கம் ஒதுக்கலாம் என்று ஆசிரியர் குழுவில் சொல்லியிருக்கிறார்கள். அசலை யாரிடமும் கொடுக்க வேண்டாம். உங்களிடமே இருக்கட்டும்.